வலியில்லாத கைகள்: அன்றும் இன்றும்

1940-களில் ஒரு தொழுநோயாளிக்குக் கை மடங்கிவிட்டால், அது மடங்கியதுதான். சோற்றைப் பிசைய முடியாது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது, தம்ளரைப் பிடிக்க முடியாது. நாளடைவில் விரல்களில் புண் வரும். புண் ஆறாது. விரல் குட்டையாகிக்கொண்டே போகும். வியாதி தின்றுவிட்டது என்பார்கள். ஊர் சொன்னதையே வைத்தியர்களும் நம்பினார்கள். கெட்டுப்போன சதையில் கத்தி வைத்தால் காயம் ஆறாது என்று அறுவை மருத்துவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பொது ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டால் கிடைக்காது. ஒரு தொழுநோயாளி உள்ளே வந்தால் மற்ற நோயாளிகள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்ற பயம். தெருவில் பிச்சையெடுக்கும் நோயாளியைப் பிடித்துக் கொண்டுபோய் விடுதியில் அடைக்க 1898-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருந்தது.

இன்று அந்தக் கையை நிமிர்த்த முடியும். கை அறுவை பற்றிய பாடநூல்களில் அதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. விரல்களைத் தின்பது கிருமி இல்லை, பெரும்பாலான விரல்களைக் காப்பாற்றிவிடலாம் என்பது இன்று மருத்துவம் அறிந்த செய்தி. அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவே நின்று இதைச் சாதித்தவர்களில் முதல் பெயர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் அவரை அறிவார்கள். மற்றபடி தமிழ் வாசகர்களிடம் அவர் பெயர் போதிய அளவு வந்து சேரவில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. அவர் நம் கொல்லிமலையில் வளர்ந்த பிள்ளை.

பிராண்ட் பிறந்தது 1914-ல். பெற்றோர் ஜெஸ்ஸியும் எவலினும் ஆங்கிலேய மிஷனரிகள். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் போகிற அந்த மலைக்கு அன்று நடைதான், முடியாதவர்களுக்கு டோலி. மலையை மலேரியா ஆட்டிவைத்த காலம் அது. 1929-ல் ஜெஸ்ஸியின் உயிரைக் குடித்ததும் அதுவே. கணவரை இழந்த எவலின் முதுமையிலும் மலையை விட்டு வர மறுத்தார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி வைத்தியம் பார்த்தார். 1974-ல் இறந்தபோது அவருக்கு 95 வயது.

பாலுக்கு ஏழு வயது இருக்கும்போது மூன்று தொழுநோயாளிகள் வைத்தியம் தேடி மலையேறி வந்தார்கள். தந்தை பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, அவர்களுடைய பாதப் புண்களைக் கழுவிக் கட்டினார். மறைந்து நின்று பையன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கென்று வைத்த கூடையைத் தாய் பிறகு எரித்துவிட்டார். எந்த நோய்க்கும் அஞ்சாத தந்தையின் முகத்தில் அன்று பயம் தெரிந்ததைப் பிராண்ட் கடைசிவரை மறக்கவில்லை.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து. மருத்துவத்தின் பக்கம் போகவே அவருக்கு விருப்பமில்லை. சீழையும் ரத்தத்தையும் சிறுவயதிலேயே பார்த்து வெறுத்திருந்தார். தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றுக்கொண்டு கட்டுமானத் தொழிலில் சில ஆண்டுகள் இருந்தார். அதன் பிறகே லண்டனில் மருத்துவப் படிப்பு. ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த நகரத்தில் அறுவைப் பயிற்சி. 1946 கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் கண் மருத்துவரான மனைவி மார்கரெட் மறு ஆண்டு குழந்தைகளோடு வந்தார். எலும்பு முறிவுகளும் பிறவியிலேயே வளைந்த பாதங்களும் என்று வேலை ஓடிக்கொண்டிருந்தது. தொழுநோய் அவர் நினைப்பிலேயே இல்லை.

செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்துக்கு அவரை அழைத்தவர் அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன். 1947-ல் ஒரு நாள் இருவரும் இல்லத்தைச் சுற்றி வந்தார்கள். எங்கு பார்த்தாலும் கொக்கிபோல் மடங்கிய கைகள். இவற்றைப் பற்றி எலும்பு மருத்துவர்களுக்கு என்ன தெரியும் என்று பிராண்ட் கேட்டார். ஒரு எலும்பு மருத்துவர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பதுதான் காக்ரேனின் பதில். அப்போது ஓர் இளைஞர் செருப்பு வாரைக் கழற்ற முடியாமல் மடங்கிய விரல்களோடு போராடிக்கொண்டிருந்தார். பிராண்ட் அவர் கையை வாங்கித் தன் கைக்குள் வைத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னார். செயலிழந்த கை, லேசாகத் தொடும், அவ்வளவுதான் என்று எதிர்பார்த்தவருக்கு வலியில் உயிர் போயிற்று. நகங்கள் சதைக்குள் இறங்கின. கையை விடச் சொல்லிக் கத்தினார். அந்த இளைஞருக்கோ தான் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

செத்துப்போனதாக எல்லாரும் கைவிட்ட கைக்குள் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்விதான் அவருடைய மீதி வாழ்நாள்.

விடை தேட அவர் நூற்றுக்கணக்கான கைகளைத் தொட்டுப் பார்த்தார். எந்தத் தசை இயங்குகிறது, எது இயங்கவில்லை, தோலில் எந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறது என்று குறிப்பெழுதினார். செயலிழப்பு கண்டபடி பரவியிருக்கவில்லை, அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. இறந்த ஒரு நோயாளியின் உடலைச் சோதித்து, கைகால் நரம்புகளை முழு நீளத்துக்கும் திறந்து பார்த்தபோது காரணமும் புலப்பட்டது. முழங்கைக்கு மேலே, மணிக்கட்டில், முழங்காலருகே, கணுக்காலில் என்று நரம்பு தோலுக்குப் பக்கத்தில் வரும் இடங்களில் மட்டும் வீங்கியிருந்தது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ந்த இடங்கள்தான் பிடிக்கும். முழங்கை வழியாக வரும் அல்நார் நரம்பு கெட்டால் உள்ளங்கைச் சிறு தசைகள் படுத்துவிடும். ஆனால் வேறு நரம்பிலிருந்து கிளை வாங்கிக்கொள்ளும் முன்கைப் பெரிய தசைகளுக்கு ஒன்றும் ஆகாது. நிமிர்த்த ஆள் இல்லை, இழுக்க ஆள் இருக்கிறது. அதனால்தான் விரல்கள் மடங்குகின்றன. இளைஞரின் இரும்புப் பிடிக்கும் அதுவே காரணம்.

அப்படியானால் இழுக்கிறவர்களில் ஒருவரை நிமிர்த்தும் வேலைக்கு மாற்றலாம். நல்ல தசை ஒன்றின் நாணை விடுவித்து, தோலுக்கடியில் சுரங்கம்போல் வழி எடுத்து, விரல்களின் பக்கமாகக் கொண்டுபோய்த் தைக்க வேண்டும். போலியோ, விபத்து நோயாளிகளுக்கு இந்த முறை ஏற்கெனவே இருந்தது; தொழுநோயாளிக்குச் செய்து பார்க்கத்தான் துணிந்தவர் இல்லை. 1948-ல் வேலூரில் பிராண்ட் தொடங்கினார். காயம் ஆறியது, எல்லாருக்கும் ஆறுவதுபோலவே ஆறியது! கெட்ட சதை என்ற பேச்சுக்கு அங்கேயே முற்றுப்புள்ளி விழுந்திருக்க வேண்டும். விழப் பல ஆண்டுகள் ஆயின.

அறுவை பாதி வேலைதான். நேற்றுவரை மணிக்கட்டை அசைத்த தசை இன்று விரலை அசைக்க வேண்டும். மூளைக்கு அதைப் பழக்க வேண்டும். அதுவும் தொடு உணர்ச்சி இல்லாத விரல்களை, கண்ணால் பார்த்தே பழக வேண்டும். கட்டு பிரித்த பிறகு வாரக்கணக்கில் இயன்முறை சிகிச்சையாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலையும் சொல்லிக்கொடுப்பார். விரல்கள் விறைத்துப்போயிருந்தால் அறுவைக்கு முன்பே மெழுகு ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தேய்த்து இளக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் கத்தி மட்டும் இருந்து பயனில்லை.

பிராண்டை மற்ற திறமைசாலி மருத்துவர்களிடமிருந்து பிரிப்பது இதற்கடுத்து நடந்ததுதான் என்று நினைக்கிறேன். கை நிமிர்ந்து ஊருக்குப் போன ஓர் இளைஞர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார். பிச்சையெடுக்க இந்தக் கை உதவவில்லை என்றார். மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கையைப் பார்த்துப் போடவில்லை. நோயின் அடையாளம் இருந்ததால் வேலையும், குடியிருக்க இடமும் கிடைக்கவில்லை. அறுவை வெற்றி, ஆள் பட்டினி. பிராண்ட் அதைத் தன் தோல்வியாகவே எடுத்துக்கொண்டார். 1951-ல் கல்லூரி வளாகத்தில் சில மண் குடிசைகளைப் போட்டு நவஜீவ நிலையம் என்று பெயர் வைத்தார். அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை பழகினார்கள். மர பொம்மைகள் செய்து விற்றார்கள். சொல்லிக்கொடுத்தவர் லண்டனில் இழைப்புளி பிடித்த அதே பிராண்ட்.

அங்கேதான் அவர் தம் வாழ்வின் பெரிய பாடத்தைக் கற்றார். கற்பித்தவர்கள் நோயாளிகள். மருந்தால் நோய் அடங்கிய பிறகும் நிலையத்தில் தங்கியிருந்த பையன்களின் கைகளில் புதிது புதிதாகப் புண்கள் வந்துகொண்டிருந்தன. கிருமிதான் காரணம் என்றால் அது ஏன் இந்த விரலில், இந்தப் பக்கத்தில் மட்டும் வர வேண்டும்? ஒரு நாள் சரக்கறையின் துருப்பிடித்த பூட்டோடு பிராண்ட் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவி அசையவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வந்து சாவியை வாங்கி ஒரே திருகாகத் திருகினான். கதவு திறந்தது. தரையில் ரத்தம் சொட்டியது. பையனின் விரலைப் பிடித்துப் பார்த்தால், சாவியின் விளிம்பு சதையைக் கிழித்து எலும்புவரை போயிருந்தது. அவனுக்கு அது தெரியவே தெரியாது.

அன்றிலிருந்து பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் துப்புத் துலக்கினார். சம்மட்டிப் பிடியில் கிளம்பிய சிம்பு, அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கிய பாத்திரம், தூங்குமுன் அணைக்கும்போது தொட்ட லாந்தர் கண்ணாடி என்று காரணங்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. சிலருக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் காணவில்லை. ஒரு பையன் விழித்திருந்து காவல் காத்தான். எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது! அதன் பிறகு ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கூடவே ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள். விரல்கள் தாமாக உதிர்வதில்லை. வலி என்ற காவல்காரன் இல்லாத வீட்டில் ஒவ்வொன்றாகக் களவு போகின்றன என்பது தெளிவாயிற்று. வலியைப் போக்கவே படித்த மருத்துவர், வலி இல்லாமை எவ்வளவு பெரிய ஊனம் என்று பேச ஆரம்பித்தார். அதைப் பற்றிப் பின்னாளில் புத்தகமும் எழுதினார்.

அவருக்கே ஓர் இரவு இந்தப் பாடம் நடந்தது. நெடும் பயணம் முடிந்து லண்டனில் ஓர் அறையில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியில்லை. ஊசியை எடுத்துக் குத்தினார். வலிக்கவில்லை. ஆழமாகக் குத்தினார், ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோய் தமக்கும் வந்துவிட்டது என்றே முடிவு செய்து, மனைவி மக்களை நினைத்து விடிய விடிய விழித்திருந்தார். காலையில் மறுபடி குத்தியபோது வலியில் அலறினார். இரவு மரத்துப்போனது பயணத்தில் நரம்பு அழுந்தியதால்தான். வலித்ததற்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். தம் நோயாளிகள் எதை இழந்திருக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகு அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியராக அவர் விட்டுச்சென்றதற்கு இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி. பிராண்டிடம் கை அறுவை கற்றவர், பின்னர் கரிகிரியில் பல்லாண்டு பணியாற்றியவர். வேலூருக்குச் சற்றுத் தள்ளி, வேறு யாருக்கும் வேண்டாத பாறைக்காட்டில் 1955-ல் எழுந்தது கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையம். ஃபிரிட்ஷி அறுவை செய்ததோடு நிற்கவில்லை. மழைநீரைத் தேக்கினார், மரக்கன்று மரக்கன்றாக நட்டார். பொட்டல் காடாக இருந்த இடம் இன்று பறவைகள் நிறைந்த தோப்பு.

இன்னொருவர் மேரி வர்கீஸ். அவர் வேலூரின் இளம் மருத்துவர். 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இனி டாக்டராக என்ன செய்ய முடியும் என்று மற்றவர்கள் பரிதாபப்பட்டபோது, கை அறுவையை உட்கார்ந்துதானே செய்கிறோம் என்று வழிகாட்டியவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தினார் மேரி. அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1972-ல் பத்மஸ்ரீ. தண்டுவடம் அடிபட்டவர் சக்கர நாற்காலியை உருட்டப் பழகி வீட்டுக்குப் போவது இன்று பல ஆஸ்பத்திரிகளில் நடக்கிற காரியம். அது இந்த நாட்டில் முதன்முதலாக வேரூன்றிய இடங்களில் ஒன்று, மேரி தலைமையேற்ற அந்தத் துறை.

மார்கரெட்டை விட்டுவிட்டால் கணக்கு தவறிவிடும். இமை மூடாத கண்ணில் தூசி விழுந்து, உறுத்தல் தெரியாமல் பார்வை போவது தொழுநோயின் இன்னொரு கொடுமை. மார்கரெட் கவனித்தது அந்தக் கண்களை. மெல்லுவதற்கு உதவும் பொட்டுத் தசையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து இமைக்குள் கட்டுவார்கள். அப்புறம் பல்லைக் கடித்தால் கண் மூடும். வெற்றிலை மெல்லும்போதெல்லாம் இமைக்கிற கண்கள்!

1966-ல் பிராண்ட் தம்பதி அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதற்குப் பிறகுதான் அவருடைய வேலை நம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வருகிறது. அங்கே அவர் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்த்தார். ரத்த ஓட்டம் குறைவதால் கால் அழுகுகிறது, வெட்டத்தான் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவந்த காலம். பிராண்டுக்கு அந்தப் புண்கள் பழகிய முகமாகத் தெரிந்தன. பலருடைய பாதங்களில் வேலூரில் கண்ட அதே கதைதான்: உணர்ச்சி போயிருக்கிறது, ஆணி குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியவில்லை, அதே புண்ணின் மேலேயே நடக்கிறார்கள். வேலூரிலும் கரிகிரியிலும் பார்த்த வைத்தியங்கள் அங்கே போயின. பாதம் முழுவதையும் ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பும் முறை அவற்றில் ஒன்று. 1930-களிலேயே இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் போல் கையாண்ட முறை அது.

இன்று சென்னையிலோ மதுரையிலோ ஒரு சர்க்கரை நோய் கிளினிக்குக்குப் போனால், நர்ஸ் நம்மைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொடுவார். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். வளைய 10 கிராம் அழுத்தம் கேட்கும் அந்த இழைதான் அளவுகோல் என்பது கார்வில் ஆய்வில் நிலைபெற்றது. தொடுவது தெரியாதவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது எம்.சி.ஆர். செருப்பு. நுண்துளை ரப்பரால் ஆன அந்தச் செருப்பைத் தொழுநோயாளிகளுக்காகச் செய்து பார்த்துத் தேற்றியது வேலூர் வட்டாரத்துப் பட்டறைகளில்தான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். வெயிலில் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றிவிட்டு, கொப்புளத்தை மறுநாள்தான் கண்ணால் பார்க்கிற பெரியவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்று இன்று டாக்டர் அவர்களுக்குச் சொல்லும் அறிவுரை, ஊர் ஒதுக்கிய நோயாளிகள் தம் விரல்களைக் கொடுத்துக் கண்டுபிடித்துத் தந்தது. இதை நாம் நன்றியோடு நினைப்பதில்லை.

பிராண்ட் 2003-ல் காலமானார். தொழுநோயின் நிலைமையும் அடியோடு மாறியிருக்கிறது. 1980-களில் வந்த கூட்டு மருந்து ஆறு மாதத்தில், அல்லது ஒரு வருடத்தில் கிருமியை ஒழித்துவிடுகிறது. 1898-ம் ஆண்டுச் சட்டம் ஒருவழியாக 2016-ல் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற விதி 2019 வரை இருந்தது என்பதை வெட்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கில் 2005 கடைசியில் இந்தியா தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தது. அறிவிப்பு ஒரு தீமையும் செய்தது. நோயே போய்விட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். தொழுநோயை வகுப்பில் ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மடங்கிய கை ஒன்றைத் தொட்டே பார்க்காமல் பட்டம் வாங்கும் இளம் டாக்டர்கள் இருக்கிறார்கள். நோயாளி தோல் டாக்டரிடமிருந்து நரம்பு டாக்டருக்கும், அங்கிருந்து எலும்பு டாக்டருக்கும் அலைந்துவிட்டு, கை மடங்கிய பிறகே சரியான இடத்துக்கு வருகிறார். பிராண்ட் தொடங்கிய காலத்தில் நோயாளிக்கு இடமில்லை. இப்போது இடம் இருக்கிறது, நோயை அடையாளம் காணும் கண்தான் குறைந்துவருகிறது.

தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, பஞ்சால் தொட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி தெரியவில்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மருந்து இலவசம். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போவதும், விரல் மடங்கத் தொடங்குவதும் அண்மையில் வந்தவை என்றால் உடனே போக வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள் மருந்து தொடங்கினால் பல நரம்புகள் பிழைத்துக்கொள்கின்றன. மடங்கி வருடங்கள் ஆகிவிட்டாலும் அறுவை உண்டு. அதற்கு அரசே செலவு செய்து, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்காக நோயாளிக்கு ஒரு தொகையும் தருகிறது.